கடலுக்குத் தாய்வீடு

நெடுமடைக்குடியில் ஆடி பிறந்தால் கடல் தாய்வீட்டுக்கு வரும். கரையிலிருந்து ஒரு பகல் நடை தூரம் உள்ளே தள்ளிக் கிடக்கிற, கருவேலமும் வெயிலும் மட்டுமே தாராளமாக விளைகிற அந்த ஊரில், கண்மாய்க்கு மேற்கே இருக்கும் ஒரு புஞ்சை நிலத்தில் வந்து இறங்கி, ஆடி முழுவதும் தங்கிவிட்டு, மாதம் முடிகிறபோது புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும். எந்தக் காலத்திலிருந்து வருகிறது, அத்தனை ஊர் இருக்க இந்த ஊருக்கு ஏன் வருகிறது என்று அங்கே யாரிடமாவது கேட்டால், கேட்டவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பெண்பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருவதற்குக் காரணம் கேட்கிறவன் மனுசனா? வந்தவளை முகம் சுளிக்காமல் வைத்துக்கொண்டோமா, போகும்போது கை நிறையக் கொடுத்து அனுப்பினோமா என்பதுதான் அவர்களுக்குப் பேச்சு.

இந்த விவரம் எதுவும் தெரியாமல்தான் பால்வண்ணமும் அவர் மனைவி குழல்வாய்மொழியும் நிலம் தேடிப் புறப்பட்டார்கள்.

இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பிழைத்தது சென்னையில். பால்வண்ணம் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை விட்டாலும் கண் விடவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் ஒற்றெழுத்து விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பார். குழல்வாய்மொழி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். ஊரார் பிள்ளைகள் எத்தனையோ பேரைத் துண்டில் சுற்றி ஊரார் கையில் கொடுத்தவளுக்குச் சொந்தமாக ஒரு பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் அழுததில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் வளைகாப்பு என்றால், அன்றைக்குத் தனக்கு டூட்டி என்று தானாகவே சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டுவிட்டு அவர்கள் சங்கடப்பட வேண்டாம், கூப்பிடாமல் விட்டு நாம் சங்கடப்பட வேண்டாம் என்பது அவள் கணக்கு. இனி இருக்கப்போகிற இடத்திலாவது ஒரு விசேஷத்துக்கும் ஒளிந்துகொள்ளாமல், நாலு பேர் நடுவில் நாமும் ஒரு ஆளாக நிற்க வேண்டும் என்று ஓய்வு பெற்ற அன்றே மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். அவளுக்கு நிலம் என்றால் அதுதான். அவருக்கு நிலம் என்றால் நேரான எல்லை, நல்ல தண்ணீர், வில்லங்கம் இல்லாத பத்திரம்.

தென்காசிப் பக்கம் சாரல் விழுகிற இடமெல்லாம் அவர்கள் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. எட்டிய இடங்களில் எல்லாம் பால்வண்ணம் பிழை கண்டுபிடித்தார். ஓரிடத்தில் வடகிழக்கு மூலை வெட்டுப்பட்டிருந்தது, ஓரிடத்தில் தண்ணீர் உவர்த்தது, ஓரிடத்தில் பாதை இன்னொருவன் தோட்டத்துக்குள் புகுந்து போனது, இன்னோரிடத்தில் எல்லாம் சரியாக இருந்து, விற்கிறவன் பேச்சு மட்டும் சரியில்லாமல் இருந்தது. ஒரு வருடம் இப்படி பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியதில் குழல்வாய்மொழிக்கு முழங்கால் வலிதான் மிச்சம். கடைசியாக ராமநாதபுரம் சீமையில், யாரோ சொல்லி யாரோ கேட்டு, நெடுமடைக்குடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

நிலத்துக்காரர் பெயர் அங்குச்சாமி. பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அவனோடு போய் இருக்கப்போகிறார். நிலம் நாலு பக்கமும் நூல் பிடித்தாற்போல இருந்தது. கிணற்றில் தண்ணீரைச் சேந்தி வாயில் ஊற்றினால் இளநீர் தோற்றது. இந்தக் காட்டில் இப்படி ஒரு தண்ணீரா என்று பால்வண்ணம் அசந்துபோய், விலையைக் கேட்டதும் இன்னும் அசந்துபோனார். சும்மா கொடுப்பதற்குப் பெயருக்கு ஒரு விலை சொன்ன மாதிரி இருந்தது.

"இவ்வளவு மலிவாக் குடுக்கீயளே, நிலத்துல என்னமும் கொறை உண்டா?" என்று கேட்டார்.

"கொறை ஒண்ணுமில்லய்யா," என்றார் அங்குச்சாமி. "ஆடி மாசம் கடல் வரும். ஒரு மாசம் தங்கும். தாயா இருந்து பாத்துக்கிறணும். எம் பொஞ்சாதி இருந்தவரைக்கும் அவ பாத்தா. ஒத்த ஆம்பளையா எனக்குப் பாக்கத் தெரியல. பொம்பளப்புள்ளைக்கு என்ன வேணும்னு எனக்கு என்ன தெரியும்? அதான் பொஞ்சாதி உள்ளவுகளாப் பாத்துக் குடுக்கிறேன்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒளிக்காமல் மறைக்காமல் சொன்னார் மனுசன். பால்வண்ணம்தான் நம்பவில்லை. வேறு ஆள் வாங்காமல் விரட்டுவதற்கு ஊரே சேர்ந்து கட்டிவிட்ட கதை, நமக்கு அது லாபம் என்று நினைத்துக்கொண்டு, "சரி, வந்தா வரட்டும்" என்று சிரித்தபடி முன்பணத்தை நீட்டிவிட்டார். குழல்வாய்மொழி சிரிக்கவில்லை. அந்த மனுசன் அழுததை அவள் பார்த்திருந்தாள்.

தை மாதம் பத்திரம் முடிந்து, மேட்டுப் பக்கமாக ஒரு சின்ன வீடும் எழும்பி, சித்திரையில் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். ஊர் அவர்களைக் கையில் வைத்துத் தாங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். சுரைக்காய் காய்த்த வீட்டிலிருந்து சுரைக்காய் வந்தது, ஆடு அறுத்த வீட்டிலிருந்து, இவர்கள் சைவம் என்று தெரிந்ததும், கறிக்குப் பதிலாக வெல்லம் வந்தது. பக்கத்து வீட்டுச் சேதுராக்கு நாள் தவறாமல் வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, ஆடிக்கு இன்னம் எம்புட்டு நாளு இருக்கு பாத்தீகளா?" என்று கேட்பாள். கேட்கும்போது அவள் முகத்தில் தன் மகளே வரப்போகிற மாதிரி ஒரு சந்தோஷம் இருக்கும். ஊரில் எல்லா முகத்திலும் அது இருந்தது. வெள்ளையடித்தார்கள். முள்ளை வெட்டி ஓடைப் பாதையைச் சுத்தம் செய்தார்கள். கடைக்காரர் கண்ணாடி வளையல் வாங்க மதுரைக்குப் போய் வந்தார். குழல்வாய்மொழிக்கும் அது தொற்றிக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் அவளும் ஒரு சேலை எடுத்து வைத்தாள், நல்ல பாசிப்பச்சை நிறத்தில்.

பட்டணத்துக்காரன் நிலம் வாங்கினால் முதல் காரியமாக என்ன செய்வான் என்று நமக்குத் தெரியும். பால்வண்ணமும் அதைச் செய்தார். சுற்றுச்சுவர் எழுப்பினார். சேமிப்பில் கடைசியாக மிஞ்சியதைப் போட்டு, ஆள் உயரத்துக்கு, நாலு பக்கமும் அடைத்து, மேற்கே ரோட்டைப் பார்த்து ஒரே ஒரு இரும்புக் கேட்டு வைத்தார். "கெழக்கால வழி விட்டுக் கட்டுங்கய்யா, அவ அந்த வழியாத்தான் வருவா," என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அவரும் தலையாட்டினார். ஆடு புகுந்துவிடும் என்று அப்புறம் அடைத்துவிட்டார். அடுத்தவர் நிலத்துச் சுவரைப் பற்றி ஒரு தடவைக்கு மேல் பேசுகிற பழக்கம் அந்த ஊரில் இல்லை. அவர்கள் பேசாமல் கவலைப்பட்டார்கள்.

ஆடி முதல் தேதி காலையில், கிழக்கே ஓடைப் பாதையில், அவள் வந்தாள்.

அலை அடித்துக்கொண்டு வரவில்லை. நடந்து வந்தாள். ஓடையின் இரண்டு கரைக்கும் அடங்கி, முன்னால் நுரை கொசுவம்போல மடிந்து மடிந்து விழ, மாடு நடக்கிற வேகத்தில் வந்தாள். ரோடு குறுக்கிட்ட இடத்தில் டவுன் பஸ் நின்று வழிவிட்டது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "வாத்தா, வா, நல்லாருக்கியா?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்த பெண்கள் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்து, போன வருடத்துக்கு இந்த வருடம் இளைத்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். ரோட்டைத் தாண்டி, கண்மாய்க் கரையைச் சுற்றி, தன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தவள், அங்கே சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

கடல் நினைத்தால் அந்தச் சுவர் ஒரு பொருட்டா? ஒரு அலை போதும். ஆனால் அவள் இடிக்கவில்லை, ஏறிக் குதிக்கவில்லை, சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கமும் போகவில்லை. கதவைத் திறந்துவிடுவார்கள் என்று நிற்கிற பெண்ணைப்போல, நுரையை ஒடுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல், வெயிலில் நின்றாள். சுவரடியில் மண் மட்டும் மெல்ல மெல்ல ஈரமாகிக்கொண்டே இருந்தது.

ஊர் திரண்டுவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. அந்த ஊரின் பெருந்தன்மையை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். சுவரைக் கட்டியவரை ஒரு வார்த்தை வையவில்லை. வந்தவள் மனம் நோகக் கூடாது என்று ஆளாளுக்கு ஓடினார்கள். ஒருத்தி பந்தல் கால் நட்டாள். ஒருத்தி கொழுக்கட்டை கொண்டுவந்து விளிம்பில் வைத்தாள். "எங்க வீட்டுக்கு வா தாயி, முத்தத்துல எடம் இருக்கு," என்று ஒருத்தி கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு மைதானத்தைத் திறந்துவிட்டார். அவள் அசையவில்லை. அத்தனை பேர் கூப்பிட்டும், கூப்பிட வேண்டிய வீடு கூப்பிடாமல் எப்படிப் போவாள்?

வீட்டுக்குள் பால்வண்ணம் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "உப்புத் தண்ணி உள்ள வந்தா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? கிணறு போச்சு. மண்ணு போச்சு. அஸ்திவாரம் அரிச்சு வீடும் போச்சு. இனிமே இன்னொரு வீடு கட்ட எங்கிட்ட என்ன இருக்கு? இந்த வயசுல எங்க போய் வாடகைக்கு நிக்க?"

"அவ வந்து போற நெலந்தானே இது? கெணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாத்துதானே வாங்குனீங்க?" என்றாள் குழல்வாய்மொழி.

"அது வேற."

"என்ன வேற?"

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். அதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல், தணிந்த குரல்தான், கேட்டது. "தாயில்லாப் புள்ள மாதிரி நிக்கிறாளே, பாவி மக."

குழல்வாய்மொழியை யாரும் அதுவரை அந்தப் பக்கத்திலிருந்து குற்றம் சொன்னதில்லை. பிள்ளை இல்லாதவள் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையை வாசலில் நிறுத்தியவள் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவமானமாக இருந்தது, அந்த அவமானத்துக்குள் என்னவோ ஒன்று இனிக்கவும் செய்தது. எழுந்தாள். வீடு கட்டியபோது மிஞ்சிய சாமான்களுக்கு நடுவில் கிடந்த கடப்பாரையை இழுத்துக்கொண்டு கிழக்குச் சுவரை நோக்கிப் போனாள்.

முழங்கால் வலிக்காரி கடப்பாரை பிடித்தால் எப்படி இருக்கும்? ஒரு போடு போட்டாள், சுண்ணாம்பு உதிர்ந்தது. இன்னொரு போடு போட்டாள், கை அதிர்ந்தது. ஊர் ஆண்கள் வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். வீட்டுக்காரர் சொல்லாமல் அடுத்தவர் சுவரில் கை வைக்க அவர்களால் முடியாது. பால்வண்ணம் வாசற்படியில் நின்று பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று ஒன்றும் கேட்காத மனுசி, தலைமுடி கலைந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சுவரைக் குத்திக்கொண்டிருந்தாள். அவர் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய் அவள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார்.

"ஏளா, தள்ளு. இடுப்பு புடிச்சுக்கிட்டா யாரு பாக்க?"

அப்புறம் அவர் இடித்தார். அஸ்திவாரத்தோடு சேர்த்து நெம்பி, கல் கல்லாகப் பெயர்த்து, இடிக்கும்போதே, "பய கலவைல சிமெண்டே போடல, பாரு, எல்லாம் மண்ணு, எல்லாம் மண்ணு," என்று கொத்தனாரைத் திட்டிக்கொண்டே இடித்தார். அவர் இடிக்கத் தொடங்கியதும் ஊர் ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை கொடுத்தார்கள். கிழக்குப் பக்கம் முழுவதும் திறந்துகொண்டது.

குழல்வாய்மொழி இடிபாட்டின் மேல் ஏறி நின்று கையை நீட்டினாள். என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ தாய்மார்கள் சொல்லக் கேட்டதெல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்து, கடைசியில், "வாம்மா, வெயில்ல நிக்காத," என்று மட்டும் வந்தது. கடல் உள்ளே வந்தாள்.

நிலம் முழுவதும் பரவி, வீட்டுப் படிக்கு ஒரு படி கீழே வந்து நின்றாள். மறுநாள் காலையில் பால்வண்ணம் படியைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. கிணற்றைச் சுற்றி ஒரு முழம் இடம் விட்டு விலகியிருந்தாள். இறைத்துக் குடித்துப் பார்த்தார். இளநீர்தான். அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து காலையில் நாற்காலியைப் படியோரம் போட்டுக்கொண்டு அவளுக்குப் பேப்பர் வாசித்துக் காட்ட ஆரம்பித்தார். அங்கங்கே நிறுத்தி, இந்த வாக்கியம் தப்பு, இப்படி எழுதக் கூடாது என்று அவளுக்கு விளக்கினார். அவளும் அலையில்லாமல் கேட்டாள். குழல்வாய்மொழிக்கே வாய்க்காத பொறுமை அது.

ஆடி மாதம் முழுவதும் அந்த வீடு கல்யாண வீடாக இருந்தது. காலையில் வேலை முடித்த பெண்கள் எல்லாம் அவள் கரைக்கு வந்துவிடுவார்கள். கால் நனைய உட்கார்ந்து, மாமியார் கொடுமை, புருசன் குடி, விளையாத வயல், வராத மாதவிலக்கு என்று எல்லாவற்றையும் அவளிடம் கொட்டுவார்கள். வாங்கிக்கொள்வதற்கு அவளிடம் இடம் இருந்தது. மத்தியானம் அவள் கண் அயரும் நேரம் ரோட்டில் போகிற லாரிகூட ஹாரன் அடிக்காது. பதினெட்டாம் பெருக்குக்கு ஏழு விதச் சாதம் கிண்டி, கைப்பிடி கைப்பிடியாக அவளுக்கு ஊட்டினார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவாட்டுத் துண்டு ஒன்று கிடைத்தால் விருந்து என்று நினைக்கிற ஊர் அது. கண் முன்னால், முழங்கால் ஆழத்தில், வஞ்சிரமும் பாறை மீனும் துள்ளிக்கொண்டிருக்கும். ஒருவரும் தூண்டில் போடவில்லை. வந்த பெண்ணின் மடியில் கைவிட்டுப் பிடுங்கித் தின்பதா என்று அவர்களுக்கு. சைவக்காரியான குழல்வாய்மொழிக்கே அதைப் பார்த்து நெஞ்சு விம்மியது. எப்பேர்ப்பட்ட ஜனங்களுக்கு நடுவில் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று சேதுராக்கின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் சொல்லியும்விட்டாள். சேதுராக்குக்கு அதில் என்ன விசேஷம் என்று புரியவில்லை.

அந்த மாதத்தில் ஊரில் ஒரு வளைகாப்பு வந்தது. குழல்வாய்மொழி பழைய வழக்கப்படி, "பொண்ணு வீட்டுல இருக்கா, என்னால வர முடியாது," என்று சொல்லிப் பார்த்தாள். "நீங்க மக உள்ள ஆளு, நீங்க மொத வளையல் போடாம வேற யாரு போடுறது?" என்று வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். போட்டாள்.

ஆடி முடியப்போகிற நேரத்தில்தான் சேதுராக்கு அந்தப் பேச்சை எடுத்தாள். "அக்கா, கொண்டுபோய் விடணும். தாய்தான் கூட நடந்து போய் சம்மந்தி வீட்டுல ஒப்படைக்கணும். போன வருசம் அங்குச்சாமி அண்ணன் ஓடை வரைக்கும் போய் நின்னுட்டாரு, அழுகையா வந்துச்சாம். இந்த வருசம் வாசல்ல வேற நிக்க வச்சுட்டோம். அது அங்கிட்டு வரைக்கும் தெரிஞ்சிருக்கும். அடுத்த ஆடிக்கு அனுப்புவாகளோ மாட்டாகளோ."

அந்தக் கடைசி வாக்கியம் குழல்வாய்மொழியின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. ஒரு மாதம்தான் தாயாக இருந்தாள். இந்த ஒரு மாதத்தோடு போய்விடுமோ என்று நினைத்தபோது, அறுபது வருடம் இல்லாமலே இருந்த வலியைவிட அது பெரிதாக இருந்தது.

முழங்காலுக்கு எண்ணெய் தடவி, துணி கட்டிக்கொண்டு, விடிவதற்குள் புறப்பட்டாள். பச்சைச் சேலையை விரித்துக் கடல்மேல் போட்டாள். சேலை கொஞ்ச நேரம் மிதந்து, உள்ளே இறங்கி, அவளாகிவிட்டது. அதிரசப் பானையும் முறுக்குப் பானையும் மஞ்சளும் வளையலுமாக ஊர்ப் பெண்கள் பின்னால் வந்தார்கள். ஆண்கள் குடம் குடமாக அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சுமந்தார்கள், பிறந்த வீட்டுத் தண்ணீர் என்று. பால்வண்ணம் குடையை விரித்துக்கொண்டு கடலுக்குப் பிடித்தபடி வந்தார். குடைக்குள் அவளில் எவ்வளவு அடங்கும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவள் போக, பின்னால் நிலம் ஈரமாக, உப்பு ஒரு துளி இல்லாமல், விதைக்கத் தயாராகக் கிடந்தது. ஓடை வழியே, பனங்காடு வழியே, வெயில் ஏறி வெயில் இறங்கும் வரைக்கும் நடந்தார்கள். குழல்வாய்மொழி வலித்த இடத்தில் எல்லாம் தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள். தாங்கலாக இருந்தது.

கரை ஊரில் எல்லோரும் மணலில் வந்து காத்திருந்தார்கள். ஒரு மாதமாக அங்கே கடல் இல்லை. படகுகள் எல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தன. வலைகளைத் தைத்து முடித்து, தார் பூசி முடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் வெறிச்சென்று கிடந்த கரை. பெண் வீட்டுக்காரர்கள் முனியசாமியைக் கும்பிடுகிறவர்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அந்தோணியாரைக் கும்பிடுகிறவர்கள். அதனால் என்ன, சம்பந்தம் சம்பந்தம்தானே. பாய் விரித்தார்கள், பதநீர் கொடுத்தார்கள். கடல் அவர்கள் எல்லோரையும் தாண்டி மெல்லப் போய்த் தன் இடத்தில் இறங்கினாள். படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

மாப்பிள்ளை வீட்டுத் தரப்பில் பேசுகிற பெண் ஞானப்பூ. வெள்ளைச் சேலை, வெற்றிலைச் சிவப்பு வாய், நேர்ப் பார்வை. குழல்வாய்மொழியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் புதுத் தாயாக்கும்?"

"ஆமா."

"புள்ளைய வெயில்ல நிக்க வச்சீகளாமே?"

"தப்புத்தான். தெரியாம நடந்துபோச்சு," என்றாள் குழல்வாய்மொழி. பின்னால் பால்வண்ணம் குடையை மடக்கித் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, அத விடுங்க. எனக்கு ஒங்க பொண்ணு மேல ஒரு கொறை இருக்கு. அத யாருகிட்டச் சொல்றது? பெத்தவுககிட்டத்தான சொல்லணும். முன்னாடி இருந்த அம்மாகிட்டச் சொன்னா, எம் பொண்ணு அப்படி இல்லேன்னு சண்டைக்கு வரும்." ஞானப்பூ கடல் பக்கம் கையை நீட்டினாள். "ஐப்பசி கார்த்திகையானா ஒங்க பொண்ணுக்கு ஆங்காரம் வந்துருது. யாரு எவருன்னு பாக்குறதில்ல. வலைய அள்ளிட்டுப் போறா, படகை ஒடைக்கிறா, பொறுத்துக்கிட்டோம். எம் புருசனையும் கொண்டு போயிட்டா. போட்டு வச்சுப் பாக்கக்கூட ஒடம்பக் குடுக்கல."

நெடுமடைக்குடிப் பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சமாதானமாக என்ன சொல்ல முடியும்? குழல்வாய்மொழி திரும்பி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, விளிம்பு வரைக்கும் நடந்து போனாள். ஆஸ்பத்திரி வார்டையே அடக்கிய அவள் குரல் அன்றைக்குக் கரை முழுவதும் கேட்டது.

"ஏட்டி, என்ன காரியம் செஞ்சுட்டு வந்து ஒரு மாசமா எங்கிட்ட வாயைத் தொறக்காம இருந்திருக்க? சோறு போடுற கைய ஒடைச்சா நீ மனுசியா? இந்த அம்மா முகத்தப் பாரு. பாருட்டி! இவுகளுக்கு நீ என்ன பதில் சொல்லப் போற? இதுக்கா உன்ன ஊட்டி ஊட்டி வளத்தேன்? என் வயித்துல நீ..." அதற்கு மேல் குரல் உடைந்துவிட்டது. உடைந்த பிறகும் நிறுத்தவில்லை. திட்டினாள், அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள், கையை ஓங்கித் தண்ணீரின் மேல் ஒரு அடிகூட வைத்துவிட்டாள். அவ்வளவு பெரிய கடல், அடிவானம் வரைக்கும், ஒரு அலை எழும்பாமல் அவள் காலடியில் ஒடுங்கிக் கிடந்தது.

ஞானப்பூ ஓடி வந்தாள். ஓங்கிய கையைப் பிடித்துத் தடுத்து, குழல்வாய்மொழியை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

"போதும் சம்மந்தி, அடிக்காதீக. எங்க வீட்டுப் புள்ளைய எங்க முன்னாலயே அடிப்பீகளா? அதுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். நாங்க பாத்துக்கிறோம், விடுங்க." அவளும் அழுதுகொண்டிருந்தாள். புருசன் போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அது என்று பிறகு அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

"அடுத்த ஆடிக்கு..." என்று ஆரம்பித்தாள் குழல்வாய்மொழி. கேட்டு முடிக்கப் பயமாக இருந்தது.

"வந்து கூப்புடுங்க," என்றாள் ஞானப்பூ, முந்தானையால் முதலில் இவள் முகத்தையும் அப்புறம் தன் முகத்தையும் துடைத்தபடி. "பெத்தவ வந்து கூப்புட்டா அனுப்ப மாட்டேம்பமா?"

குழல்வாய்மொழி அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். கடல் தயங்கித் தயங்கி வந்து, அடி வாங்கிய பிள்ளை ஒட்டிக்கொள்கிற மாதிரி அவள் மடியில் ஏறியது. அவள் அதைத் தள்ளிவிடவில்லை.